காலா, கிளட்சா?

கனமாக இருப்பது காரின் கிளட்சா, என் வீட்டுக்காரரின் இடது காலா? இந்தக் கேள்வி எங்கள் வீட்டில் மாதக்கணக்கில் பதில் இல்லாமல் கிடந்தது. எனக்கோ, பதில் தெரியாத ஒரு கேள்வியை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு தூக்கம் வராது. ஜோகூர் பக்கம் தம்போயில் ஓர் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள் நான். வெளியிலிருந்து வரும் உதிரிச் சாமான்களை அளந்து பார்த்து, ஏற்றுக்கொள்வதா திருப்பி அனுப்புவதா என்று சொல்வதுதான் என் வேலை. வேலையை விட்ட பிறகும் கைப்பையில் ஒரு வெர்னியர் காலிப்பர் கிடக்கிறது. மற்றப் பெண்கள் சீப்பு வைத்திருக்கும் இடத்தில் உனக்கு இது எதற்கு என்று அவர் கேலி செய்வார். வாங்கிய தங்கச் சங்கிலியையே நான் அளந்து பார்த்ததை உறவுக்காரர்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கடைக்காரர் சொன்னதைவிட அது மெலிசாகத்தான் இருந்தது.

கார் அவருடையது. உருண்டை முகமும் துருத்திய விளக்குகளுமாக ஒரு பழைய இங்கிலாந்துக் கார், வெளிர் நீலம். எங்களுக்குக் கல்யாணமான புதிதில், ஓய்வு பெற்ற ஒரு வாத்தியாரிடம் வாங்கினார். பாசிர் கூடாங்கில் அவருக்கு ஷிஃப்ட் வேலை. அதற்குக் கம்பெனி பஸ் வந்துவிடும். அதனால் இந்தக் காருக்குக் கோவிலும் ஞாயிற்றுக்கிழமையும் மட்டும்தான். மீதி நாளெல்லாம் போர்ட்டிகோவில் துணி போர்த்தி நிற்கும். யாராவது நின்று பார்த்தால் போதும், துணியை விலக்கிவிடுவார். ஒரிஜினலா என்று கேட்டால் இன்னும் சந்தோஷம். "ஒரு ஸ்க்ரூ மாத்தல. அத்தனையும் ஒரிஜினல்" என்பார். அடுத்து, கேட்காமலே, முதல் கியரைப் பற்றிச் சொல்வார். இந்த மாதிரிக் கார்களில் முதல் கியர் போட்டால் கடகடவென்று பல்லைக் கடிக்குமாம். அவர் காரில் மட்டும் வெண்ணெய் மாதிரி விழுமாம். எல்லாம் கையில் இருக்கிறது என்று சொல்லி, கையைத் திருப்பிக் காட்டுவார்.

ஓய்வு பெற்ற கையோடு அவருக்கு முதுகு போயிற்று. தண்டுவடத்தில் ஒரு வட்டு நழுவி நரம்பை அழுத்தியது. அறுவை சிகிச்சையில் வலி போய்விட்டது, ஆனால் இடது காலில் பாதிப் பலம்தான் மிஞ்சியது. பலம் திரும்பலாம், நாளாகலாம், முழுசாக வராமலும் போகலாம் என்றார் டாக்டர். எங்களிடம் இருக்கும் இன்னொரு கார் ஆட்டோ, தானே கியர் மாற்றிக்கொள்ளும். அதற்கு இடது கால் தேவையே இல்லை, அதை ஓட்டிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். இவர் தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும் கைத்தடியோடு நேராகப் பழைய காருக்குப் போய் உட்கார்ந்து கிளட்சை மிதித்தார். பெடல் பாதிக்கு மேல் இறங்கவில்லை.

"கிளட்ச் கனமா இருக்குதும்மா. மாத்தணும்" என்றார்.

சாக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் எங்கள் மெக்கானிக் வந்து ஓட்டிப் பார்த்துவிட்டு வேறு மாதிரி சொன்னார். தம்போயில் வொர்க்‌ஷாப் வைத்திருக்கும் அவர் எங்களைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர்.

"அண்ணே சொல்றது பொய் இல்லக்கா. கிளட்ச் தேஞ்சு போச்சு. தேஞ்ச கிளட்ச் கனமாத்தான் மிதிக்கும். ஆனா இதுல கிளட்சோட கனம் எவ்வளவு, கால் எவ்வளவுன்னு என்கிட்ட கேக்காதீங்க லா. மாத்திப் பாத்தாத்தான் தெரியும்."

நான் அதைத்தான் கேட்க வாயெடுத்திருந்தேன்.

அதன் பிறகு இந்த வேலையில் அவரைவிட எனக்குத்தான் அவசரம். அவருக்குக் கார் ஓட வேண்டும், எனக்கு விடை தெரிய வேண்டும். கிளட்ச் என்றால் என்ன என்று மெக்கானிக்கை நச்சரித்துக் கேட்டுக்கொண்டேன். மூன்று சாமான். தோசைக்கல்லைவிடச் சின்னதாக ஒரு பிளேட், எஞ்சின் சுற்றுவதை கியர் பாக்ஸுக்குக் கொண்டுபோவது அதுதான். அதை இறுக்கி அழுத்திப் பிடித்திருக்க, ஸ்பிரிங் வைத்த ஒரு கவர். பெடலை மிதிக்கும்போது அந்த ஸ்பிரிங்கைத் தள்ளிப் பிடியைத் தளர்த்த ஒரு பேரிங். ஆக, காலுக்குத் தெரியும் கனம் கவரின் ஸ்பிரிங்கில் இருக்கிறது. கவர் புதிதாக இருந்தால் என் கேள்விக்கு விடை வந்துவிடும்.

இந்தக் காரின் கிளட்ச் ஜோகூரில் எங்கும் கிடைக்கவில்லை. கடைக்காரர்கள் காரின் பெயரைக் கேட்டதும் அனுதாபத்தோடு சிரித்தார்கள். கடைசியில் என் வீட்டுக்காரரே இன்டர்நெட்டில் தேடி, பானட்டில் எழுதியிருக்கும் பெயரைப் போட்டு, இங்கிலாந்திலிருந்து முழு செட்டையும் வரவழைத்தார். பார்சல் வந்த அன்று, பிறந்த பிள்ளையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார். நான் காலிப்பரை எடுத்தேன். "இதுக்குமா?" என்றார். எதோடு ஒப்பிடுவது, பழையது இன்னும் காருக்குள்தானே இருக்கிறது என்று திரும்பப் பைக்குள் போட்டுவிட்டேன்.

வொர்க்‌ஷாப்பில் காரைத் தூக்கி கியர் பாக்ஸை இறக்கினார்கள். புது பிளேட்டின் நடுவில் பல்லுப் பல்லாக ஒரு துளை. அது கியர் பாக்ஸிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தண்டில் ஏற வேண்டும். ஏறவில்லை. மெக்கானிக் திருப்பிப் பார்த்தார், துடைத்துப் பார்த்தார், திரும்பத் திருப்பினார். நான் பொறுக்க முடியாமல் தண்டையும் துளையையும் அளந்தேன். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பற்களின் எண்ணிக்கை கூட வேறு. மெக்கானிக் ஒரு துணியில் மண்ணெண்ணெய் நனைத்து கியர் பாக்ஸின் மேலிருந்த பழைய எண்ணெய்க் கரியைத் துடைத்தார். அடியில் இரும்போடு வார்த்த எழுத்துகள் தெரிந்தன. ஜப்பான் எழுத்துகள்.

"அண்ணே" என்றார் மெக்கானிக், மெதுவாக. "இது உங்க காரோட கியர் பாக்ஸ் இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருஷமாக எத்தனை பேரைப் பிடித்து நிறுத்தி ஒரிஜினல் ஒரிஜினல் என்று பாடியிருப்பார். வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி அவரைப் பார்த்தேன். சிரிப்பு அப்படியே அடங்கிவிட்டது.

"வாங்கும்போதே இப்படித்தானா?" என்று கேட்டார்.

"அப்பல்லாம் சகஜம்ணே. ஒரிஜினல் பாக்ஸ் போச்சுன்னா, எது கிடைக்குதோ அதத் தூக்கி வெச்சிருவாங்க. நல்லாத்தான் வெச்சிருக்காங்க. இத்தன வருஷம் ஓடியிருக்கே."

"அப்ப அந்த முதல் கியர்..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். தன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கிலாந்து செட் பெட்டிக்குள் திரும்பப் போயிற்று. அந்த வாத்தியார் தெரிந்தே மறைத்தாரா, அவருக்கே தெரியாதா என்று இனிக் கேட்கவும் வழியில்லை. அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலமாயிற்று. எனக்கு உண்மையில் வருத்தமில்லை, இப்போதுதான் கதை சூடு பிடித்தது. அப்படியானால் இந்த கியர் பாக்ஸ் யாருடையது?

தேய்ந்த பிளேட்டை ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டுக்கொண்டு, தம்போயிலேயே பழைய உதிரிச் சாமான் கடை ஒன்றுக்குப் போனேன். கடைக்காரர் வயதான சீனர். இந்தக் கடைக்கு முன்பே வந்து, காரின் பெயரைச் சொல்லி, அனுதாபச் சிரிப்பு வாங்கிக்கொண்டு போயிருக்கிறோம். இந்த முறை பெயரைச் சொல்லவில்லை. பையை மேசைமேல் வைத்தேன்.

"சாம்பிள் அடா?" என்றார் மலாயில். மாதிரி இருக்கிறதா என்று கேட்கிறார்.

"அடா" என்றேன். இருக்கிறது.

எங்கள் தொழிற்சாலையிலும் இதேதான். பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று நாங்கள் பார்க்கக் கூடாது. உள்ளே இருப்பதைத்தான் அளக்க வேண்டும். ஊர் உலகத்துக்கெல்லாம் அதைச் செய்துவிட்டு, சொந்தக் காருக்கு மட்டும் பானட்டைப் பார்த்து ஆர்டர் போட்டிருக்கிறோம். கடைக்காரர் ஆணியில் கோத்திருந்த பிளேட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தந்தார். நான் அளந்து அளந்து ஒதுக்கினேன். சுங்க இலாகாவிலிருந்து வந்திருக்கிறீர்களா என்று கேட்டார். கடைசியில் ஒன்று எல்லா அளவிலும் ஒத்துப்போனது.

அவர் அதை வாங்கிக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது கார் இல்ல ஆன்ட்டி. ரொட்டி வேன் லா."

ஒரு காலத்தில் சாயங்காலமானால் குடியிருப்புக்குள் ஹாரன் அடித்துக்கொண்டு வருமே, ரொட்டியும் பிஸ்கட்டும் தொங்கும் சின்ன ஜப்பான் வேன், அதன் கிளட்ச். இவ்வளவு காலமாக நாங்கள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ரொட்டி வேனில்தான் கோவிலுக்குப் போயிருக்கிறோம். பிளேட் இருக்கிறது, பேரிங்கும் இருக்கிறது, கவர் மட்டும் தீர்ந்துபோய்விட்டது, இனி வராது என்றார் கடைக்காரர். எனக்கு வேண்டியதே கவர்தான். அது இல்லாமல் மற்ற இரண்டையும் மாற்றி என்ன பிரயோசனம்? ஆனாலும் இரண்டையும் வாங்கி வைத்தேன்.

வீட்டில் சொன்னதும் அவர் நொந்துபோவார் என்று நினைத்தேன். "ரொட்டி வேனா?" என்று இரண்டு தடவை கேட்டார். மறுநாள் காலை, காபி குடித்துக்கொண்டே, "அந்த வேன்லாம் இப்ப எங்க இருக்கும்?" என்றார். அது போதும் எனக்கு.

வேனின் படம் ஒன்றைத் தேடி எடுத்து, எங்கள் கோவில் பெண்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். இந்த மாதிரி வேன் எங்கேயாவது நின்றால் சொல்லுங்கள் என்று எழுதினேன். முதலில் நான்கு பேர் காலை வணக்கம் சொன்னார்கள். ஒருத்தி, இதில்தான் நான் பன் வாங்கித் தின்பேன் என்று அழுமூஞ்சி போட்டாள். இன்னொருத்தி நான் ரொட்டி வியாபாரம் தொடங்கப் போவதாக நினைத்து வாழ்த்துச் சொன்னாள். மத்தியானத்துக்குமேல்தான் உருப்படியாக ஒரு பதில் வந்தது. கெலாங் பாத்தாவில், ஒரு மரத்தடியில் இதே வேனில் பீசாங் கோரேங் விற்கிறார்கள், பொரித்த வாழைப்பழம் நன்றாக இருக்கும் என்று.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ காரில் கிளம்பினோம். நான் ஓட்டினேன், அவர் பழைய கவரை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். வேன் மரத்தடியில்தான் நின்றது, நின்றது என்பதைவிடக் குந்தியிருந்தது என்று சொல்லலாம். நான்கு டயரிலும் காற்றில்லை. பக்கக் கதவு இருந்த இடத்தில் பலகை அடித்து, அதன் பின்னால் ஒரு மலாய்க்கார அம்மா எண்ணெய்ச் சட்டியோடு இருந்தார். முதலில் பழம் வாங்கிச் சாப்பிட்டோம். பிறகு நான் மலாயில் மெல்லப் பேச்சை எடுத்தேன்.

அந்த அம்மா சிரித்தார். வேன் அவருடைய கணவர் ஓட்டியதாம். கிளட்ச் கனமாகிவிட்டது, மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று சொல்லிச் சாமான்கூட வாங்கி வைத்தாராம். அதற்குள் வேனும் நின்றுவிட்டது, அவரும் இறந்துவிட்டார். மாவு மூட்டைகளுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவி, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய ஓர் அட்டைப் பெட்டியை எடுத்துப் பலகைமேல் வைத்தார். உள்ளே எண்ணெய்த்தாள் சுற்றிய கவர். ஒரு நாளும் மாட்டாதது. அந்த மரத்தடியிலேயே காலிப்பரை எடுத்து விட்டத்தையும் போல்ட் துளைகளையும் அளந்தேன், பழையதன்மேல் வைத்தும் பார்த்தேன். அச்சாகப் பொருந்தியது.

பெட்டியைக் கொடுக்குமுன் அந்த அம்மா ஒன்றே ஒன்று கேட்டார். காரை யார் ஓட்டப் போகிறார்கள்?

"சாயா லா" என்றார் இவர். நான்தான் என்று. கைத்தடியைச் சற்றுப் பின்னால் மறைத்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது. அந்த அம்மாவும் பார்த்துவிட்டார். இன்னும் கொஞ்சம் பழத்தை அள்ளிப் பையில் போட்டார்.

திரும்பும் வழியில் ஒவ்வொரு சிக்னலிலும் நான் ஓரக்கண்ணால் கவனித்தேன். கார் நிற்கும்போதெல்லாம் அவர் இடது கால் தரைவிரிப்பை அழுத்தியது. பச்சை விழுந்ததும் மெதுவாக விட்டது. பாட்டுப் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

மெக்கானிக் மூன்றையும் மாட்டி முடித்த அன்று வொர்க்‌ஷாப்பில் நான்தான் முதலில் ஏறி உட்கார்ந்தேன். பொறுமை இல்லை. கிளட்சை மிதித்தேன். பெடல் சுகமாக இறங்கியது, ஒரு தலையணையை அழுத்தும் பலம்கூடத் தேவைப்படவில்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முடியவில்லை. இத்தனை மாதம் அவருக்குக் கிளட்ச் என்று ஒரு பேச்சு இருந்தது. அதை நானே தேடி அலைந்து பிடுங்கிவிட்டேன். இனி அவர் மிதித்தால் தெரிந்துவிடும். தெரிந்தே தீர வேண்டும் என்று அலைந்தவளுக்கு, அந்த நேரத்தில் தெரிய வேண்டாம் என்றிருந்தது.

"எப்படி இருக்கு?" என்றார் வெளியே நின்று.

"நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

அவர் ஏறவில்லை. "ஆயுத பூஜைக்கு எடுத்துக்கறேன்" என்றார். மெக்கானிக்கே காரை ஓட்டிவந்து வீட்டில் விட்டார்.

ஆயுத பூஜை அன்று காரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, நான்கு சக்கரத்துக்கு முன்னாலும் எலுமிச்சம்பழம் வைத்தேன். கற்பூரம் காட்டியானதும் வண்டியை எடுத்துப் பழத்தின்மேல் ஏற்றி நசுக்க வேண்டும், அப்போதுதான் திருஷ்டி கழியும். எங்கள் வீட்டில் அது என்றைக்கும் அவர் வேலை. ஆட்டோ காருக்குக்கூட அவர்தான் செய்வார். முதலில் அதை ஏற்றி இறக்கிவிட்டு, நீலக் காருக்கு வந்தார்.

சாவியைப் போட்டார். எஞ்சின் பிடித்துக்கொண்டது. இடது கால் பெடல்மேல் போனது. நான் பெடலைப் பார்க்கவில்லை, அவர் முழங்காலைத்தான் பார்த்தேன். பாதிவரை இறங்கி அங்கே நடுங்கியது. கையால் தொடையை அழுத்தி மீதியை இறக்கி, கியரைப் போட்டார். விடும்போது கால் பிடி தவறியது. கார் ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. முன்சக்கரத்துப் பழம் உருண்டு சாக்கடைக்குள் விழுந்தது. நான் வேறு பழம் கொண்டுவந்து வைத்தேன். மறுபடியும் அதேதான்.

"புதுசு இல்லையாங்க" என்றேன். "கொஞ்சம் பழகணும். எனக்குக்கூடக் கனமாத்தான் இருந்துச்சு."

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ அளந்து பாத்து வாங்கினது" என்றார். "அது சரியாத்தான் இருக்கும். கால்தான்மா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை. அவர் கதவைத் திறந்து இறங்கி, பானட்டைப் பிடித்துக்கொண்டே சுற்றி வந்து, இடது பக்க சீட்டில் உட்கார்ந்தார்.

"ஏறு. நீ மிதி, கியர் நான் போடறேன்."

கியர் காரை நான் தொட்டு எத்தனையோ வருஷமாயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறினேன். மிதி என்றார், மிதித்தேன். நடுவிலிருந்த கியரை அவர் வலது கையால் தள்ளினார். "விடு. மெதுவா. இன்னும் மெதுவா." கார் நகர்ந்தது. சக்கரத்தடியில் பழம் நசுங்கியது எங்கள் இருவருக்கும் கேட்டது. நிறுத்தச் சொல்வார் என்று பார்த்தேன், சொல்லவில்லை. கேட்டைத் தாண்டி, வீடுகளைத் தாண்டி, மெயின் ரோட்டுக்கே வந்துவிட்டோம். அவர் சொல்லச் சொல்ல நான் மிதித்தேன், நான் மிதிக்க மிதிக்க அவர் போட்டார். இரண்டு இடத்தில் பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

சிக்னலில் பக்கத்தில் ஒரு பிக்கப் வந்து நின்றது. ஓட்டியவர் கண்ணாடியை இறக்கி, மாலையும் சந்தனமுமாக நின்ற காரைத் தலை முதல் கால்வரை பார்த்துவிட்டு, ஒரிஜினலா அங்கிள் என்று மலாயில் கேட்டார்.

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"இல்ல" என்றார் இவர், அதே மலாயில். "கியர் பாக்ஸ் ரொட்டி வேனோடது. கிளட்ச் பீசாங் கோரேங் வேனோடது. கால் என் வீட்டுக்காரியோடது." பிறகு கையைத் திருப்பிக் காட்டினார். "இது மட்டும்தான் ஒரிஜினல்."

பச்சை விழுந்தது. நான் மிதித்தேன். அவர் முதல் கியரைப் போட்டார். வெண்ணெய் மாதிரித்தான் விழுந்தது.